ஜெஸ்ஸி மேத்யூஸ்: ஆடும் இடத்தை இழந்த நடனக்காரி

'எவர்கிரீன்' 1934-ல் வந்த ஆங்கிலப் படம். இன்று அதைப் பார்ப்பவர்களுக்குப் பாதிப் படம் ஓடுவதற்குள் ஒரு கேள்வி எழும்: இவ்வளவு நன்றாக ஆடும் இந்தப் பெண் யார், இவரைப் பற்றி ஏன் நாம் கேள்விப்படவே இல்லை? ஹாலிவுட்டின் நடன ஜோடியான ஃப்ரெட் அஸ்டேரைத் தெரியும், ஜிஞ்சர் ராஜர்ஸைத் தெரியும். அவர்கள் சேர்ந்து நடிக்கத் தொடங்கிய அதே நேரத்தில், லண்டனில், அதே தரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜெஸ்ஸி மேத்யூஸின் பெயர் பழைய படப் பைத்தியங்களைத் தாண்டி வெளியே வரவில்லை. அமெரிக்க விளம்பரங்களில் அவரை நடன தேவதை என்றே போட்டார்கள். அப்படிப்பட்டவர் 31 வயதில் கதாநாயகியாகத் தன் கடைசி முக்கியப் படத்தை முடித்துவிட்டார்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, 1930-ல் நடந்த விவாகரத்து வழக்கில் அவர் பெயர் நாறிப்போனது. இன்னொன்று, அவருக்கு மன உறுதி போதவில்லை, அடிக்கடி உடைந்துபோனார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இவை மட்டும் போதவில்லை. அவர் ஆடுவதற்கு ஒரு இடம் இருந்தது. அதைக் கட்டி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். அந்த இடம் 1937-ல் இடிந்தது. மற்றதெல்லாம் அதற்கு முன்னும் இருந்தன, பின்னும் இருந்தன.

பெர்விக் தெருவிலிருந்து

1907 மார்ச் 11 அன்று லண்டன் சோஹோவில், பெர்விக் தெருவில் பிறந்தார். அது இன்றும் சந்தைத் தெரு. அப்பா அங்கே காய், பழக் கடை போட்டிருந்தவர். வீட்டில் பிறந்த குழந்தைகள் 16, தங்கியது 11. பணம் என்று எதுவும் இல்லை. ஆனால் அக்கா ரோஸிக்கு இந்தக் குழந்தையிடம் என்னவோ தெரிந்தது. தங்கையை நடன வகுப்பில் சேர்த்து, பழக வைத்து, விரட்டி விரட்டி முன்னுக்குக் கொண்டுவந்தது அந்த அக்காதான். முதலில் கற்றது பாலே. பின்னாளில் ஜெஸ்ஸி ஜாஸுக்கு ஆடியபோதும் முதுகும் கைகளும் பாலேக்காரியுடையவையாகவே இருந்ததற்கு அந்த அடித்தளம்தான் காரணம்.

நடனத்தோடு உச்சரிப்புப் பயிற்சியும் நடந்தது. சந்தைத் தெரு ஆங்கிலத்தைக் களைந்துவிட்டு, சீமாட்டிகள் பேசும் ஆங்கிலத்தை நாக்கில் ஏற்றினார்கள். வேலை கொஞ்சம் அளவுக்கு மீறித்தான் நடந்தது. அவருடைய படங்களில் வரும் அந்த உருண்டு திரண்ட உயிரொலிகளைக் கேட்டால் இன்றைய ஆங்கிலேயர்களுக்கே சிரிப்பு வரும். ஆனால் 1920களில் மேடையில் கதாநாயகி ஆக வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. இந்தக் குரலை நினைவில் வையுங்கள், கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

12 வயதில், 1919 டிசம்பரில், எட்ஜ்வேர் சாலை மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஒரு சிறுவர் நாடகத்தில் முதன்முதலாக மேடை ஏறினார். 16 வயதில் சார்லஸ் காக்ரனின் ரெவ்யூவில், பின்னால் கூட்டமாக ஆடும் கோரஸ் வரிசையில் ஒருத்தி. ரெவ்யூ என்பது கதை இல்லாத மேடை நிகழ்ச்சி: ஒரு பாட்டு, ஒரு ஆட்டம், ஒரு நகைச்சுவைத் துண்டு, திரும்ப ஒரு பாட்டு. அந்தக் காலத்து லண்டனில் அதை நடத்திய பெரிய கைகள் இரண்டு, காக்ரனும் ஆந்த்ரே ஷார்லோவும். ஷார்லோ 1924-ல் தன் குழுவை நியூயார்க் கொண்டுபோனபோது ஜெஸ்ஸியும் கோரஸில் போனார். நட்சத்திரம் கெர்ட்ரூட் லாரன்ஸுக்கு முடியாமல் போனால் அவர் பாகத்தை ஆட, ஒத்திகை பார்த்து வைத்திருந்தவர் ஜெஸ்ஸி. கனடாவில், டொராண்டோவில், லாரன்ஸ் நிமோனியாவில் படுத்துவிட்டார். கோரஸ் பெண் முன்வரிசைக்கு வந்தார். கதைகளில் நடப்பது அப்படியே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1926-ல் லண்டனில் ஷார்லோவின் அடுத்த ரெவ்யூவில் அவரே கதாநாயகி, வயது 19.

அதன்பின் காக்ரன் அவரை எடுத்துக்கொண்டார். 1927-ல் ராட்ஜர்ஸ், ஹார்ட் இரட்டையர் எழுதிய ரெவ்யூ. அதில்தான் 'மை ஹார்ட் ஸ்டுட் ஸ்டில்' பாட்டை முதலில் மேடையேற்றினார். 1928-ல் நோயல் கவர்ட் எழுதியது. 1929-ல் கோல் போர்ட்டர் எழுதியது. அந்தத் தலைமுறையின் தலைசிறந்த பாட்டாசிரியர்கள் வரிசையாக ஒரே பெண்ணுக்கு எழுதிக்கொடுத்தார்கள். காக்ரனின் கண் எப்படிப்பட்டது என்பதற்கு இந்தப் பட்டியல் போதும்.

நீதிமன்றத்தில் படித்த கடிதங்கள்

ஜெஸ்ஸி 1926-ல் ஹென்றி லிட்டன் ஜூனியரை மணந்திருந்தார். மாமனாரும் நடிகர்தான், கில்பர்ட், சல்லிவன் இரட்டையரின் இசை நாடகங்களில் பேர்பெற்றவர். கல்யாணம் நிலைக்கவில்லை, 1929-ல் விவாகரத்து. இதற்கிடையில், 1927 ரெவ்யூவில் கூட நடித்த சோனி ஹேல் என்ற நகைச்சுவை நடிகரோடு காதல். ஹேல் கல்யாணமானவர். மனைவி ஈவ்லின் லே லண்டன் மேடையின் செல்லப்பிள்ளை, பொன்னிறக் கூந்தல்காரி, ஊரே விரும்பிய அழகி.

1930-ல் லே விவாகரத்து கேட்டார். ஹேலுக்கு ஜெஸ்ஸி எழுதிய காதல் கடிதங்கள் நீதிமன்றத்தில் ஆதாரமாக வந்தன. நீதிபதி சர் மாரிஸ் ஹில் ஹேலை அயோக்கியன் என்கிற பொருளில் ஒரு வரியில் முடித்துக்கொண்டார். ஜெஸ்ஸியைப் பற்றித்தான், இந்தக் கடிதங்களை எழுதியவள் அருவருப்பான மனம் படைத்தவள் என்ற பொருளில் சொன்னார். மறுநாள் பத்திரிகைகளுக்கு அது போதும். 23 வயதுப் பெண்ணுக்கு நாடே கேட்கும்படி ஒரு பட்டம். தப்பில் இரண்டு பேருக்கும் பங்கு, பட்டம் மட்டும் ஒருத்திக்கு.

இது அவர் மனதை எவ்வளவு காயப்படுத்தியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தொழிலைக் கெடுத்ததா? வழக்கு நடந்தது 1930 கோடையில். அதே ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி அடெல்ஃபி தியேட்டரில் காக்ரனின் 'எவர் கிரீன்' நாடகம் தொடங்கியது, கதாநாயகி ஜெஸ்ஸி, கூட நடித்தவர் அதே சோனி ஹேல். 254 காட்சிகள் ஓடியது. ஊர் வாயை மூடிக்கொள்ளவில்லை, ஆனால் டிக்கெட் வாங்கியது. அடுத்த மாதமே, 1931 தொடக்கத்தில், ஜெஸ்ஸியும் ஹேலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவருடைய வெற்றிப் படங்கள் எல்லாமே இதற்குப் பிறகு வந்தவை. எனவே, வழக்குதான் அவரை அழித்தது என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கில்தான் இடிக்கிறது.

அந்த நாடகத்தில்தான் 'டான்சிங் ஆன் தி சீலிங்' பாட்டு வந்தது. அமெரிக்காவில் வேறொரு நாடகத்துக்காக எழுதி, அங்கே வேண்டாம் என்று கழித்துவிட்ட பாட்டு. காதலன் தன் வீட்டுக் கூரைமேல் ஆடுகிறான் என்று ஒருத்தி கற்பனை செய்கிறாள். மேடையில் இதை எப்படிக் காட்டுவது? தரையிலிருந்து ஒரு பெரிய சரவிளக்கு தலைகீழாக முளைத்தது. அதைச் சுற்றி ஜெஸ்ஸியும் ஹேலும் ஆடினார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அந்தத் தரையே கூரை.

பட்டி பிராட்லி என்ற ஆசிரியர்

இந்த நாடகத்துக்காக காக்ரன் நியூயார்க்கிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். பட்டி பிராட்லி, பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பின நடன ஆசிரியர். நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயின் பெரிய பெரிய வெள்ளை நட்சத்திரங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். அங்கே அவர் பெயர் விளம்பரத்தில் வராது, கொடுத்த அடவுகள் மட்டும் மேடையில் ஆடும். லண்டனில் பெயரோடு வேலை கிடைத்தது. அங்கேயே தங்கி, பள்ளி வைத்து, பல ஆண்டுகள் இருந்தார்.

பிராட்லியின் முறை கவனிக்க வேண்டியது. செருப்பால் தரையில் தாளம் தட்டி ஆடும் அன்றைய 'டாப்' ஆட்டக்காரர்கள் காலில் எத்தனை தட்டல் விழுகிறது என்பதில்தான் போட்டி போட்டார்கள். பிராட்லி காலின் கணக்கை எளிமையாக்கினார். ஜாஸ் இசைக்கலைஞன் தனி வாசிப்பில் எங்கே அழுத்தம் கொடுக்கிறான், எங்கே பிந்துகிறான் என்று கேட்டு, அந்த அழுத்தங்களைத் தோளுக்கும் இடுப்புக்கும் கைக்கும் பிரித்துக் கொடுத்தார். பாலே படித்த ஒரு உடம்பு இதைக் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு விடைதான் ஜெஸ்ஸி. அவர் காலைத் தூக்கினால் அது காதருகே போய் நிற்கும். அதில் சர்க்கஸ் வித்தை தெரியாது, கால் அங்கே போவது இயல்பு போலத் தோன்றும். கால் இறங்குவதற்குள் முதுகு பின்னால் வளையத் தொடங்கிவிடும், கை அதைத் தொடரும். ஒரு அசைவு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அஸ்டேரின் ஆட்டம் கூர்மை. ஜெஸ்ஸியின் ஆட்டம் ஓட்டம்.

ஒரு ஆங்கில வெள்ளைக்கார நட்சத்திரத்தின் உடம்பில், நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் தாளம் ஓடியது என்பதை அன்றைய பத்திரிகைகள் அதிகம் பேசவில்லை. இன்று ஜெஸ்ஸியைப் பற்றி எழுதும்போது பிராட்லியை ஒரு வரியில் கடந்து போகிறவர்களும் உண்டு. அது நியாயமில்லை. 'எவர்கிரீன்' தொடங்கி ஜெஸ்ஸியின் இசைப்படங்களின் ஆட்டத்தில் பாதி பிராட்லியுடையது.

லைம் குரோவ் ஆண்டுகள்

சினிமாவில் ஜெஸ்ஸி 1920களிலேயே மௌனப் படங்களில் தலைகாட்டியிருந்தார். பேசும்பட முயற்சி 1931-ல். அதில் ஒன்றும் தேறவில்லை. அப்புறம் மைக்கேல் பால்கன் தயாரிப்புத் தலைவராக இருந்த கோமான்ட்-பிரிட்டிஷ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. மேற்கு லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், லைம் குரோவ் தெருவில், அவர்களுடைய ஸ்டூடியோ. 1932, 1933 இரண்டே ஆண்டில் ஐந்து படங்கள். எண்ணிக்கையைப் பாருங்கள், ஓய்வு என்ற பேச்சே இல்லை.

அந்த ஐந்தில் 'தி குட் கம்பானியன்ஸ்' முக்கியம். பிரீஸ்ட்லியின் நாவல், ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவின் கதை, கூட நடித்தவர் இளம் ஜான் கில்குட். இயக்கியவர் விக்டர் சாவில். ஜெஸ்ஸியை எப்படிப் படமாக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் சாவில்தான். பெரிய கண்கள், கொஞ்சம் தூக்கிய மூக்கு, முன்னே தெரியும் பற்கள். தான் அழகியில்லை என்ற பயம் அவருக்கு உள்ளூர உண்டு. அந்தப் பயத்தைச் சாவில் குறும்பாக மாற்றிவிட்டார். மொத்தம் ஐந்து படங்கள் இருவரும் சேர்ந்து செய்தார்கள். ஜெஸ்ஸியின் நல்ல படங்கள் என்று இன்று யாராவது பட்டியல் போட்டால் அநேகமாக இந்த ஐந்துக்குள்தான் சுற்றும்.

இடையில் ஹிட்ச்காக்கோடு ஒரு படம், 'வால்ட்ஸஸ் ஃப்ரம் வியன்னா'. இருவருக்கும் ஒத்துவரவில்லை. பின்னாளில் ஹிட்ச்காக்கே தன் தொழிலின் அடிமட்டம் அது என்று பேசினார். விட்டுவிடலாம்.

'எவர்கிரீன்' படம் நாடகத்தின் தலைப்பையும் சில பாட்டுகளையும் வைத்துக்கொண்டு கதையை மாற்றியது. ஹேரியட் கிரீன் என்ற பழங்கால மியூசிக் ஹால் நட்சத்திரம் திடீரென்று மறைந்துவிடுகிறாள். வருஷங்கள் கழித்து அவள் மகள் வேலை தேடி லண்டன் வருகிறாள். அச்சு அசல் அம்மா. நாடகக்காரர்கள், இவள்தான் அந்த ஹேரியட், 60 வயதிலும் இளமை மாறாதவள் என்று ஊரை ஏமாற்றி மேடையேற்றுகிறார்கள். அம்மா, மகள் இரண்டு வேடமும் ஜெஸ்ஸி. காதலனாக வர வேண்டியவனை ஊருக்கு மகன் என்று சொல்லி வைக்க வேண்டிய நிலை. 1934-க்கு இது கொஞ்சம் துணிச்சலான விளையாட்டுத்தான்.

அதில் 'டான்சிங் ஆன் தி சீலிங்' திரும்ப வருகிறது, இந்த முறை சரவிளக்கு இல்லை, ஹேல் இல்லை. இரவு. ஆல்ஃபிரட் யுங்கே போட்ட வெள்ளை வெளேரென்ற வீட்டு செட். மகன் என்று சொல்லப்படுகிறவன் கீழே இருக்கிறான். மாடியில் இவள் தனியாக, மெல்லிய நீண்ட உடையில், அறையிலிருந்து அறைக்கு ஆடிப் போகிறாள். ஆடுவதற்கென்று மேடை எதுவும் இல்லை, இருப்பது வீடு மட்டும். உடை ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு கணம் பிந்தி வந்து சேர்கிறது. ஆசையைச் சொல்ல முடியாதவள் அதை ஆடித் தீர்க்கிறாள் என்பது வசனமே இல்லாமல் புரிகிறது. இன்னொரு பாட்டில் காலம் பின்னோக்கி ஓடுகிறது. 1914 வரும்போது இயந்திரங்களின் நடுவே பெண்கள் ஆயுதத் தொழிற்சாலையின் உருப்படிகளாக மாறுகிறார்கள். இசைப்படத்தின் நடுவில் இப்படி ஒரு துண்டு யாரும் எதிர்பார்க்காதது. கடைசியில் 'ஓவர் மை ஷோல்டர்' பாட்டில் நரைத்த டோப்பாவைக் கழற்றி எறிந்து, வேஷத்தைக் கலைத்து, தான் யார் என்று ஆடிக் காட்டுகிறார். ஹாரி வுட்ஸ் எழுதிய அந்தப் பாட்டு அவர் சாகும்வரை அவர் அடையாளமாக ஒட்டிக்கொண்டது.

இந்தப் படத்தில் நாயகனாக முதலில் நினைத்தது ஃப்ரெட் அஸ்டேரை. அப்போது அவர் லண்டனில் மேடை நாடகம் ஆடிக்கொண்டிருந்தார். ஹாலிவுட்டில் அவரை ஒப்பந்தம் செய்திருந்த ஆர்கேஓ விடவில்லை. பாரி மெக்கே நடித்தார். நல்ல உயரம், நல்ல குரல், ஆட்டம் கிடையாது. ஜெஸ்ஸியின் படங்கள் முழுக்க இந்தக் குறை உண்டு. 'இட்ஸ் லவ் அகெய்ன்' படத்தில் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் யங் வந்தார், அவரும் ஆடமாட்டார். ஜோடியாக ஈடுகொடுத்து ஆடக்கூடிய ஜாக் வைட்டிங் வந்தது 1938-ல், இசைப்படங்களில் கடைசியானதில். ஜிஞ்சர் ராஜர்ஸுக்கு அஸ்டேர் இருந்தார், இர்விங் பெர்லினும் ஜார்ஜ் கெர்ஷ்வினும் பாட்டு எழுதினார்கள். ஜெஸ்ஸி பெரும்பாலும் தனியாகவே ஆடினார்.

ஹாலிவுட் அவரையும் கூப்பிட்டது. 'எவர்கிரீன்' நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ஓடிய படம். அழைப்பு வராமல் இருக்குமா? ஆனால் கோமான்ட்-பிரிட்டிஷ் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைய நம்பியிருந்த ஒரு சில முகங்களில் அவரும் ஒருவர். அவரை வேறு நிறுவனத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் அவர்கள் செய்தது சரி. அவருக்குத்தான் அது நஷ்டம்.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1934 டிசம்பரில் ஒரு ஆண் குழந்தை பிறந்து சில மணி நேரத்தில் இறந்தது. அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அதே 1935-ல் 'ஃபர்ஸ்ட் எ கேர்ள்' வந்தது. பெண்ணாக வேஷம் போடும் ஆணாக நடிக்கும் பெண் என்ற சிக்கலான கதை, இரண்டு ஆண்டு முன்பு வந்த ஜெர்மன் படத்தின் மறுவடிவம். (1982-ல் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 'விக்டர் விக்டோரியா'வும் இதே கதைதான்.) குழந்தையை இழந்த தாய் அடுத்த ஆண்டு முழு நீள இசை நகைச்சுவையில் துள்ளிக்கொண்டிருக்கிறார். மனதும் உடம்பும் அவரைப் பலமுறை கைவிட்டது இந்தச் சூழலில்தான். அவர் பலவீனமானவர் என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம்.

1937

கோமான்ட்-பிரிட்டிஷ் அமெரிக்காவை வெல்ல நினைத்து படங்களுக்குப் பணத்தைக் கொட்டியது. ஆனால் அங்கே தியேட்டர்கள் எல்லாம் ஹாலிவுட் நிறுவனங்களின் கையில். நல்ல படம் எடுத்தாலும் நல்ல தியேட்டர், நல்ல வாரம் கிடைக்க வேண்டுமே. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்ததை வைத்து முதல் தேறவில்லை. நஷ்டம் குவிந்தது. 1936 முடிவில் பால்கன் விலகி எம்ஜிஎம்மின் பிரிட்டிஷ் பிரிவுக்குப் போனார். சாவிலும் வெளியேறினார். 1937-ல் ஷெப்பர்ட்ஸ் புஷ் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு நின்றது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் சினிமா முழுக்கவே கடன் சுருங்கி ஆடிப்போன ஆண்டு.

இந்த நேரத்தில் ஜெஸ்ஸியின் படங்களை இயக்கும் பொறுப்பு யாருக்குப் போனது தெரியுமா? சோனி ஹேலுக்கு. 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்', 'கேங்வே', 'சேலிங் அலாங்' என்று மூன்று படங்கள். ஹேல் நல்ல நகைச்சுவை நடிகர், நல்ல மேடைக்காரர். இயக்குநர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவில் படங்களில் பாட்டு கதையிலிருந்து கிளம்பும். ஹேல் படங்களில் கதை நின்றுவிடும், பாட்டு வரும், பாட்டு முடிந்ததும் கதை மீண்டும் எழுந்து நடக்கும். ஆட்டம் மட்டும் குறையவில்லை. 'கேங்வே' பார்க்கச் சலிப்பில்லாத படம்தான். இருந்தாலும், மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் சரிவு தெரிகிறது. கணவனும் மனைவியும் காலையிலிருந்து இரவு வரை இயக்குநரும் நட்சத்திரமும் ஆனார்கள். கல்யாணத்துக்கும் அது நல்லதாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

பிறகு 'கிளைம்பிங் ஹை', 1938. இயக்கம் கேரல் ரீட், ஜோடி மைக்கேல் ரெட்கிரேவ். இரண்டும் பெரிய பெயர்கள். ஆனால் அது இசைப்படமே இல்லை, வெறும் நகைச்சுவை. நாட்டிலேயே நன்றாக ஆடக்கூடியவரை வைத்து ஆட்டம் இல்லாத படம். காரணம் எளிது: இசைப்படத்துக்குப் பெரிய செட் வேண்டும், கோரஸ் வேண்டும், ஒத்திகைக்கு வாரக்கணக்கில் கூலி வேண்டும். அந்தப் பணம் பிரிட்டிஷ் சினிமாவில் அப்போது இல்லை. கிரேசி ஃபீல்ட்ஸ், ஜார்ஜ் ஃபார்ம்பி போன்றவர்கள் தப்பித்தார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டு, ஒரு கேமரா, உள்ளூர் நகைச்சுவை போதும். ஜெஸ்ஸிக்குத் தரை வேண்டும், வெளிச்சம் வேண்டும், யுங்கேயும் பிராட்லியும் சாவிலும் வேண்டும். பாடகி தனியாளாகப் பிழைத்துக்கொள்ளலாம். நடனக்காரிக்குப் பின்னால் ஒரு பட்டறையே இருக்க வேண்டும்.

நியூயார்க்கில் மூன்று காட்சிகள்

1939-ல் ஹேலோடு ஒரு மேடை நிகழ்ச்சி தயாரித்து வெளியூர்களில் ஆடி, லண்டனுக்குக் கொண்டுவரவிருந்த நேரத்தில் போர் வந்தது. 1941-ல் பிராட்வேயிலிருந்து அழைப்பு. 'தி லேடி கம்ஸ் அக்ராஸ்' என்ற இசை நாடகம், நடன அமைப்பு பாலன்ஷின், இசை வெர்னன் டியூக். குண்டு விழும் லண்டனில் மகளையும் கணவனையும் விட்டுவிட்டு, போர்க்காலக் கடலைத் தாண்டிப் போனார். பாஸ்டனில் வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தபோதே நிலைகுலைந்துபோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் இல்லாமலே 1942 ஜனவரியில் நியூயார்க்கில் திரை தூக்கினார்கள். மூன்று காட்சிகளோடு மூடிவிட்டார்கள்.

அமெரிக்கா அவருக்குக் கடைசியில் கொடுத்தது, பிரிட்டிஷ் நடிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து நடித்த ஒரு படத்தில் சின்ன வேடம். எட்டு ஆண்டு முன்பு கிடைத்திருக்க வேண்டிய ஹாலிவுட் இப்படி வந்து சேர்ந்தது.

நாடு திரும்பியதும் 1942-லேயே லண்டனில் 'வைல்ட் ரோஸ்' என்ற மேடை இசை நாடகம் ஆடினார், அது நன்றாகவே போனது. ஆட்டம் உடம்பை விட்டுப் போகவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஹேல் குழந்தையைப் பார்த்துக்கொண்ட செவிலியோடு போய்விட்டார், 1944-ல் விவாகரத்து. ஈவ்லின் லேக்கு நடந்ததே ஜெஸ்ஸிக்கும் நடந்தது என்று அன்றைக்கு ஊர் பேசாமல் இருந்திருக்காது. மூன்றாவது கல்யாணம் ஒரு ராணுவ அதிகாரியோடு. அதுவும் 1950களின் இறுதியில் முடிந்தது.

1950கள் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியூர் மேடைகள், ஆஸ்திரேலியப் பயணங்கள், சின்ன நிறுவனங்களில் பெரிய வேடங்கள். உடம்பு பருத்தது. 1958-ல் 'டாம் தம்ப்' படத்தில் கட்டைவிரல் அளவுப் பையனுக்கு அம்மாவாக நடித்தார். ஆடியது மற்றவர்கள்.

குரலுக்குக் கிடைத்த வேலை

1963-ல் பிபிசி அவரைக் கூப்பிட்டது. 1948 முதல் தினமும் ஒலித்துவந்த வானொலித் தொடர், 'மிஸஸ் டேல்ஸ் டைரி', பிறகு 'தி டேல்ஸ்' என்று பெயர் மாறியது. புறநகரில் வாழும் ஒரு டாக்டரின் மனைவி தன் குடும்பத்தைப் பற்றிப் பேசும் தொடர். நாட்டின் லட்சக்கணக்கான இல்லத்தரசிகள் வேலையோடு வேலையாகக் கேட்டது. 15 ஆண்டுகளாக அந்த மனைவியாக இருந்த எல்லிஸ் பவல் நீக்கப்பட்டு, ஜெஸ்ஸி வந்தார். பவல் சில மாதங்களிலேயே இறந்துபோனார் என்பது இந்தக் கதையில் சங்கடமான ஒரு பக்கம். அதற்கு ஜெஸ்ஸி பொறுப்பில்லை, ஆனால் மறைக்கவும் கூடாது.

காய்க்கடைக்காரரின் மகளுக்குச் சின்ன வயதில் ஊட்டிய அந்தச் சீமாட்டி உச்சரிப்பு இப்போது வேலைக்கு உதவியது. ஒழுங்கு தவறாத, நடுத்தர வர்க்க டாக்டர் வீட்டம்மாவின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் நினைத்ததோ அப்படியே இருந்தது. நீதிபதி ஒருவரிடம் அருவருப்பான மனம் என்று பட்டம் வாங்கியவர் 33 ஆண்டு கழித்து இங்கிலாந்தின் முன்மாதிரி மனைவியாகப் பேசினார். காலையும் முதுகையும் வைத்துப் பேர் வாங்கியவருக்கு, கால் எதுவும் கண்ணில் படாத வானொலியில் ஆறு ஆண்டு நிலையான சம்பளம். 1969 ஏப்ரலில் தொடர் முடிந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ விருது. 1974-ல் சுயசரிதை வந்தது. தலைப்பு வேறென்ன, 'ஓவர் மை ஷோல்டர்'தான்.

அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை. 1978-ல், திருமதி சிம்ப்சனை மணக்க அரியணையைத் துறந்த எட்வர்ட் மன்னர் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் அந்தத் திருமதி சிம்ப்சனின் அத்தையாக வந்தார். 1979-ல் தனியாளாகப் பாடும் நிகழ்ச்சியோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1981 ஆகஸ்ட் 19 அன்று புற்றுநோயில் இறந்தார், வயது 74.

இவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் வழக்கமாக 'எவர்கிரீன்' படத்திலிருந்து தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் 1936-ன் 'இட்ஸ் லவ் அகெய்ன்' முதலில் பார்க்கலாம். கிசுகிசு எழுதும் பத்திரிகைக்காரன் ஒருவன் இந்தியாவில் புலி வேட்டையாடிய சீமாட்டி ஒருத்தி இருப்பதாகக் கதை கட்டிவிடுகிறான். வாய்ப்புக் கிடைக்காத கோரஸ் பெண் ஒருத்தி அந்தச் சீமாட்டி நான்தான் என்று வந்து நிற்கிறாள். இந்தியாவைப் பற்றி அவர்கள் விடும் கதைகளைக் கேட்க நமக்குத் தனி வேடிக்கை. சாவில் இயக்கம், பிராட்லி ஆட்டம், ஜெஸ்ஸிக்கு 29 வயது. அப்புறம் 'எவர்கிரீன்', 'ஃபர்ஸ்ட் எ கேர்ள்'. ஹேல் இயக்கிய மூன்றில் பாட்டுக் காட்சிகளை மட்டும் தேடிப் பார்த்தால் போதும், கதையை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.